வாயில் திறந்த ஆலயம்: அத்தியட்சர் அசரியாவின் வாழ்வும் தோர்ணக்கல் தேவாலயமும்

ஒரு சமுதாயம் எந்நிலையில் வைக்கப்பட்டிருந்தது என்பதை அறிய விரும்புவோர், அச்சமுதாயத்தார் எந்தெந்தக் கட்டடங்களுக்குள் நுழைய முடிந்தது, எவற்றின் வெளியே நிற்க வேண்டியிருந்தது என்று கேட்டால் போதும். நம் முன்னோர்க்கு மூடிக்கிடந்த கதவுகள் பல. அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று கோயிற் கதவு; மற்றொன்று கல்விக்கூடத்தின் கதவு. கோயிலுக்குக் கல் சுமந்தவர் கோயிலுக்குள் செல்லவில்லை. பள்ளிக்குச் சுவர் எழுப்பியவர் பள்ளித் திண்ணையிலும் அமரவில்லை. இவ்விரு கதவுகளையும் ஒரே காலத்தில் திறக்க முயன்ற ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் எழுதுவது பொருத்தமெனக் கருதுகிறோம். அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தமிழ்நாட்டிற் பிறந்து, தெலுங்கு நாட்டில் உழைத்து, அம்மண்ணிலேயே உயிர் நீத்தவர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர்.

நம் சங்கத்தார் அனைவரும் ஒரே சமயத்தைச் சார்ந்தவரல்லர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒரு பெரியாரின் வாழ்விலிருந்து கற்பதற்குச் சமயம் தடையாகாது. அசரியா கட்டிய தேவாலயத்தின் கதை, வழிபாட்டிடம் ஒன்றின் கதை மட்டுமன்று. ஒரு கட்டடத்தின் அமைப்பே மனிதரைப் பிரிக்கவும் கூடும், சேர்க்கவும் கூடும் என்பதற்கு அது சான்று.

பிறப்பும் இளமையும்

அசரியா 1874 ஆகஸ்டு 17-இல் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரிற் பிறந்தார். இவ்வூர் இக்காலத்தில் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமச் சபையின் குரு, தாயார் எலன். நெடுங்காலம் ஆண்மகவுக்காகக் காத்திருந்து பெற்ற பிள்ளையாதலின், வேதாகமத்தில் அவ்வாறே பிறந்த தீர்க்கதரிசியின் பெயரைத் தாயார் மகனுக்கு இட்டார். 1889-இல் தந்தை காலமானார். தாயின் கண்டிப்பும் கல்வியுமே பிள்ளைக்குச் செல்வமாயின.

அவர் பிறந்த குடி நாடார் குடி. அக்குடியினரும் அந்நாளிற் பெருங்கோயில்களினின்றும் விலக்கப்பட்டிருந்தனர். 1897-இல் கமுதிக் கோயிலினுள் நுழைந்த நாடார் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு இலண்டன் மாநகரத்துப் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் அவர்க்கு எதிராகவே முடிந்தது. அசரியாவின் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். ஆகவே இவ்வழக்கு அவர்கள் வீட்டு வழக்கன்று. எனினும் தம் உறவின் முறையார் வாயிலில் தடுக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டே அவர் வளர்ந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. தடுக்கப்பட்டவர் தமக்குக் கீழே ஒருவரை வைத்துத் தாமும் தடுத்தார் என்பதும் அதே சீமையின் வரலாறே. ஒடுக்கப்பட்டவன் தன்னினும் ஒடுக்கப்பட்டவனைத் தேடித் தன் பெருமையை நிலைநாட்டும் நோய், சாதி முறையின் நோய்களுள் கொடியது.

சிறுவர் அசரியா மெய்ஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளியிலும், பின்னர் திருநெல்வேலியிலும், அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். கணிதம் அவருடைய பாடம். இறுதித் தேர்வின் வேளையில் நோயுற்றதால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார். பட்டம் பெறாத அதே மனிதருக்கு 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சட்டத்துறையிற் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. தேர்வில் தவறியதோடு வாழ்வு முடிந்தது என்று எண்ணும் மாணவர் இதனை நினைவில் வைப்பாராக.

கட்டடங்கள் பேசும் மொழி

மெய்ஞ்ஞானபுரத்திற் பயின்ற நாளெல்லாம் அசரியாவின் கண்முன் நின்றது தூய பவுலின் ஆலயம். ஜான் தாமஸ் என்னும் வேல்சு நாட்டு மிஷனெரி எடுப்பித்த அவ்வாலயத்தின் கூர்ங்கோபுரம் 192 அடி உயரம் கொண்டது. தேரிக்காட்டு மணலிலும் பனைமரங்களுக்கு நடுவிலும் அது வானை நோக்கி நிற்கும் காட்சி கம்பீரமானது. ஆயின் அதன் கூர்வளைவுகளும் கோபுரமும் இங்கிலாந்து நாட்டு ஊர்த் தேவாலயங்களின் அமைப்பு. அக்காலத்து மிஷனெரிமார் தங்கள் ஊரில் தாம் கண்ட ஆலயத்தையே இங்கும் கட்டினர். ஞானஸ்நானம் பெற்றவர்க்கு அது புதுமையாகவும் பெருமையாகவும் இருந்தது. அதே வேளையில், இந்தச் சமயம் கடல் கடந்து வந்த விருந்தாளி என்னும் எண்ணத்தையும் அக்கட்டடங்கள் ஊர்தோறும் அறிவித்துக்கொண்டிருந்தன.

அதே சீமையில் வேறொரு மொழி பேசிய கட்டடமும் இருந்தது. வடக்கன்குளத்தில் 1872-இற் கட்டப்பட்ட கத்தோலிக்கத் தேவாலயம் இரு கிளைகளாகப் பிரிந்த அமைப்புடையது. பலிபீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்களைப் போல் இரண்டு மண்டபங்கள் விரிந்தன. ஒன்றில் வெள்ளாளர் முதலியோரும் மற்றதில் நாடார் முதலியோரும் ஒருவர் ஒருவரைக் காணாமல் வழிபட்டனர். பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. சாதிக்கென்றே வரைபடம் எழுதிக் கட்டிய கோயில் என்று இதனைச் சொல்லலாம். சுவர் இல்லாத சபைகளிலும் முன்வரிசை ஒரு சாதிக்கும் பின்வரிசை மற்றொரு சாதிக்கும் என்று பாய் விரிக்கப்பட்டது. திருவிருந்துக் கிண்ணத்தை யார் முதலிற் பெறுவது என்று சண்டைகள் எழுந்தன. கல்லறைத் தோட்டத்தில் இறந்தவரும் பிரித்தே வைக்கப்பட்டனர்.

இவற்றை எதிர்த்து 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று ஆணையிட்டார். அவ்வாணையை ஏற்க மறுத்துச் சபையை விட்டு வெளியேறியோரும் உண்டு. ஆணையால் மட்டும் சாதி போகாது என்பதற்கு அடுத்த நூறாண்டு வரலாறே சாட்சி. அதே வில்சன் கல்கத்தாவில் தூய பவுல் தேவாலயத்தைக் கட்டுவித்து 1847-இல் அர்ப்பணம் செய்தார். அத்தேவாலயம் நம் கதையில் மீண்டும் வரும்.

தொண்டின் தொடக்கம்

1895-இல் அசரியா வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளர் பணியை ஏற்றார். 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். அம்மையார் தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்டிருள் முதன்முதற் கல்லூரி சென்றவர்களுள் ஒருவர். வரதட்சணையும் ஆடம்பரமும் இன்றி அத்திருமணம் நடந்தது. பிற்காலத்தில் தோர்ணக்கல்லில் பெண்கள் கல்விக்கும் பெண்கள் சங்கங்களுக்கும் அம்மையாரே தூணாய் நின்றார்.

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர், பிறர் கையை எதிர்பாராது தம் பணத்தாலும் தம் ஆட்களாலும் சமயப்பணி நடத்துவதைக் கண்டார். நம்மவர் பணத்தால், நம்மவர் நிர்வாகத்தால், நம்மவரே நடத்தும் தொண்டு என்னும் கருத்து அவர் உள்ளத்திற் பதிந்தது. அதன் பயனாக 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. 1905-இல் தேசிய மிஷனெரி சங்கம் உருவாவதிலும் அவர் முன்னின்றார்.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் நகரத்தில் இருத்தல் தகாது என்று எண்ணிய அசரியா, 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில், சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பிரியும் இருப்புப்பாதைச் சந்திப்பு அது. காடும் மேடும் சூழ்ந்த வறண்ட பூமி. இக்காலத்தில் தெலுங்கானா மாநிலத்தின் மகபூபாபாத் மாவட்டத்தில் அடங்கியது. முப்பத்தைந்து வயதில் அவர் தெலுங்கு எழுத்துகளைப் புதிதாகக் கற்கத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டில், 1910-இல், ஸ்காத்துலாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஐரோப்பியரும் அமெரிக்கருமே பெரும்பான்மையாய் அமர்ந்திருந்த அந்த அவையில் அசரியா எழுந்து பேசினார். மிஷனெரிமார் இந்தியருக்காகப் பொருளைத் தந்தனர், உடலை வருத்தினர், அதற்கெல்லாம் நன்றி. ஆனால் மேலிருந்து கீழே வரும் தயவு வேறு, சமனாய் அமர்ந்து பகிரும் நட்பு வேறு, நட்பே வேண்டும். அவர் பேச்சின் சாரம் இது. அவையிற் பலர் முகம் சுளித்தனர். ஆனால் அம்மாநாட்டின் பேச்சுகளுள் நூறாண்டு கடந்தும் நினைக்கப்படுவது அதுவே. தயவு செய்பவரிடத்தில் நன்றியுடன் நிற்கும்போதே சமத்துவத்தையும் கேட்கும் துணிவு எத்தகையது என்பதை, உதவித்தொகை பெற்றுப் பயின்ற நாம் நன்கு உணர்வோம்.

அத்தியட்சர் ஆனார்

சென்னை அத்தியட்சர் ஹென்றி வைட்ஹெட், அசரியாவை அத்தியட்சராக்க வேண்டுமென வாதாடினார். எதிர்ப்பு இரு திசையிலிருந்தும் எழுந்தது. வெள்ளையர் ஓர் இந்தியரின் கீழ்ப் பணிசெய்வரோ என்று ஐரோப்பியருட் சிலர் கேட்டனர். அவர் பிறந்த குடியை எண்ணித் தயங்கிய இந்தியரும் இருந்தனர். இரண்டு கேள்விகளும் நிறத்தாலும் சாதியாலும் வேறுபட்டவையாகத் தோன்றினும் வேர் ஒன்றே.

1912 டிசம்பர் 29-இல், அத்தியட்சர் வில்சன் கட்டிய அதே கல்கத்தாத் தூய பவுல் தேவாலயத்தில், அசரியா தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 38. சாதி ஒழிக என்று ஆணையிட்டவர் எழுப்பிய கூரையின் கீழ், ஒதுக்கப்பட்ட குடியிற் பிறந்த ஒருவர் செங்கோல் ஏந்தினார். அதன்பின் 1945 வரை, ஆங்கிலிக்கன் திருமண்டலம் ஒன்றைத் தாமே ஆண்ட இந்தியர் அவர் ஒருவரே.

மாலர், மாதிகர் நடுவில்

தெலுங்கு நாட்டில் அசரியாவின் சபையிற் பெரும்பாலோர் மாலரும் மாதிகருமாவர். மாலர் வயலுழைப்பும் நெசவும் செய்தவர். மாதிகர் தோல் வேலை செய்தவர். ஊருக்கு வெளியே பள்ளத்திற் குடியிருப்பு, ஊர்க்கிணற்றில் நீரில்லை, கடனுக்குப் பிணையாகத் தலைமுறை தலைமுறையாய்ப் பண்ணை வேலை. நம் சேரிகளின் கதைக்கும் அவர் கதைக்கும் மொழி ஒன்றே வேறு.

அசரியா மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். அவருடைய முறை எளியது. ஒரு குடியிருப்பார் கேட்டுக்கொண்டால் அங்கே ஓர் ஆசிரியரை, கூடுமானால் மனைவியோடு, குடியமர்த்துவார். பகலிற் பிள்ளைகளுக்குப் பள்ளி. இரவில் கூலி முடிந்து வரும் பெரியோர்க்கு விளக்கொளியிற் பாடம். அதே கூரையின் கீழ் ஞாயிறன்று வழிபாடு. கூரைச் சாலை ஒன்றே பள்ளியும் கோயிலும் சபாமண்டபமும் ஆயிற்று. அக்கிராம ஆசிரியருட் பெரும்பாலோர் அம்மக்களிலிருந்தே எழுந்தவர். தம் பெயரை எழுதக் கற்றவன் அடுத்த ஊரில் பிறர்க்குக் கற்பித்தான். எழுத்தறிந்தவனிடம் பண்ணைக் கணக்கைத் திரித்துக் காட்டுதல் எளிதன்று. நிலக்கிழார் பலர் அப்பள்ளிகளை வெறுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

மக்களை வாட்டும் பேய்கள் அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கென அசரியா சொல்லி வந்தார். பூசையால் ஓட்ட முடியாத பேய்கள் இவை. ஆகவே மருந்தகம், கூட்டுறவுச் சங்கம், தொழிற்பயிற்சி, அச்சகம் ஆகியன திருமண்டலத்தில் எழுந்தன. வறியவர் என்பதற்காகக் கொடுக்கும் கடமையிலிருந்து எவரையும் அவர் விலக்கவில்லை. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் வைக்கும் பழக்கத்தைப் பெண்கள் கைக்கொண்டனர். பிடி அரிசி சேர்ந்து ஆசிரியர் சம்பளத்துக்கு உதவியது. என்றும் பெறுபவனாகவே வைக்கப்பட்டவன் முதன்முறையாகக் கொடுப்பவன் ஆகும்போது அவன் முதுகு நிமிர்கிறது. நம் சங்கத்தின் தொடக்க நாள்களில் நாலணாவும் எட்டணாவும் தந்த உழைப்பாளர் முகத்தில் நாம் கண்டதும் அந்நிமிர்வே.

மாலர் மாதிகர் என்னும் இரு வகுப்பாரிடையே உண்பதும் கொள்வதும் இல்லாதிருந்தது. இருவரும் ஒரே பாயில் அமரவும், ஒரே கிண்ணத்தில் திருவிருந்து பெறவும் வேண்டுமென அசரியா உறுதியாய் நின்றார். அவர் காலத்தில் இம்முயற்சி முழு வெற்றி பெற்றதெனச் சொல்வது மிகையாகும். உட்சாதிப் பகை ஒரு தலைமுறையில் ஒழிவதன்று. ஆயினும் விதியைத் தளர்த்தி ஆளுக்கொரு கோயில் என்று கொடுத்துத் தொல்லை நீங்க அவர் எண்ணவில்லை. நாளடைவில் திருமண்டலத்து மக்கள் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்தது. 1930-களில், சேரி மக்களிடம் தோன்றிய மாற்றத்தைக் கண்டு சாதியில் உயர்ந்தோர் எனப்பட்டவரும் சபைக்கு வரலாயினர். கீழிருந்து மேலே சென்ற வெளிச்சம் என்று இதனைக் கூறலாம்.

தேவாலயம் எழுந்தது

அத்தியட்சரின் ஆசனம் இருக்கும் கோயில் தலைமைத் தேவாலயம் எனப்படும். அசரியா அத்தியட்சராகி 26 ஆண்டுகள் சென்ற பின்னரே தோர்ணக்கல்லின் தலைமைத் தேவாலயம் அர்ப்பணமாயிற்று. முதலில் மக்கள், பின்னர் பள்ளி, அதன்பின் பெருங்கோயில் என்னும் வரிசை போற்றத்தக்கது. அர்ப்பண நாள் 1939 ஜனவரி 6. தாம்பரத்தில் நடந்த உலக மிஷனெரி மாநாடு முடிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. அன்று ஆங்கிலிக்கன் சபையாரின் பிரசன்னத் திருநாள். கோயிலின் பெயரும் அத்திருநாளின் பெயரே.

இப்பெயரின் பொருளை அறிந்தால் கட்டடத்தின் பொருளும் விளங்கும். கிழக்குத் திசையிலிருந்து வந்த ஞானியர் குழந்தை இயேசுவைக் கண்டு, பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்து வணங்கினர் என்பது வேதாகமக் கதை. அவர்கள் யூதரல்லர்; புறத்தார். புறத்தாருக்கும் ஒளி வெளிப்பட்டது என்பதே அத்திருநாளின் கருத்து. மேலும், அந்த ஞானியர் வெறுங்கையோடு வரவில்லை. தம் நாட்டுச் செல்வத்தைத் தாமே கொணர்ந்தனர். இவ்விரு கருத்துகளையும் அசரியா கல்லில் எழுதினார் என்று நாம் கொள்கிறோம்.

கூர்ங்கோபுரம் இங்கே இல்லை. வெளித்தோற்றத்தில் தக்காணத்து இசுலாமியக் கட்டடக்கலையின் குவிமாடங்களும் மெல்லிய கோபுரங்களும் விளங்குகின்றன. நிஜாமின் நாட்டில் மக்கள் நாள்தோறும் கண்டு பழகிய வடிவம் அது. உள்ளே சென்றால் தென்னாட்டுக் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்கள். அப்போஸ்தலர் பன்னிருவரைக் குறிக்கும் பன்னிரு தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. அலங்காரத்தில் தாமரை இடம்பெறுகிறது. சேற்றில் வேரூன்றி நீருக்குமேல் மலரும் தாமரை, பள்ளத்திலிருந்து எழுந்த மக்களுக்குத் தகுந்த சின்னமன்றோ? தாமரையையும் சிலுவையையும் ஒன்றாக வைக்கும் எண்ணம் பின்னர்த் தென்னிந்தியத் திருச்சபையின் சின்னத்திலும் நிலைபெற்றது. இந்துக் கலை, இசுலாமியக் கலை, கிறிஸ்தவ வழிபாட்டு முறை ஆகிய மூன்றும் அங்கே ஒரு கூரையின் கீழ் நிற்கின்றன.

வடிவத்தினும் மேலானது ஒன்றுண்டு. அக்கோயிலில் இரண்டாவது மண்டபம் இல்லை. மறைப்புச் சுவர் இல்லை. மாலரும் மாதிகரும் பிறரும் ஒரே வாயிலால் நுழைந்து ஒரே பலிபீடத்தை நோக்கினர்.

இங்கே ஓராண்டுக் கணக்கை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாயிற்று. 1939 ஜனவரியில் தோர்ணக்கல் தேவாலயம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயரின் முயற்சியால் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். நாயக்கர் மண்டபத் தூண்களின் அருகே நம்மவர் முதன்முறை நிற்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே, அதே குலத்துத் தூண்கள் தெலுங்கு நாட்டுத் தாழ்த்தப்பட்டவரின் சொந்த இல்லத்தில் நின்றன.

எழுந்த கேள்விகள்

பெரியோர் வாழ்வைப் புகழ்ந்துரைத்தல் மட்டும் மலருக்கு அழகன்று, சிந்திக்கவும் வேண்டும். கோயிற்றூண் நமக்கு எதற்கு என்று கேட்ட கிறிஸ்தவர் அந்நாளிலேயே இருந்தனர். எந்தத் தூண்களின் அருகே செல்லவும் தகுதியில்லை என்று விரட்டப்பட்டோமோ, அவற்றையே நம் ஆலயத்தில் நாட்டுவதா? மேல்நாட்டு முறையிற் கட்டினால் பழைய அடிமை நாள்களின் நிழலே விழாதே? இவ்வாறு கேட்பது நியாயமே. கூர்ங்கோபுரம் பலருக்கு அயல்நாட்டு அடையாளமாகத் தோன்றவில்லை. விடுதலையின் அடையாளமாகவே தோன்றியது. இதனை அறியாது, மக்கள் மேல்நாட்டு மோகம் கொண்டனர் என்று பழிப்பது கற்றோர் சிலரின் வழக்கம்.

ஆயினும் நாம் அசரியாவின் பக்கத்தையும் காண வேண்டும். மதுரையிலோ வாரங்கல்லிலோ அத்தூண்களுக்குக் கல்லுடைத்தவர் யார்? சுமந்தவர் யார்? சுண்ணாம்பு அரைத்தவர் யார்? உழைப்பு நம் முன்னோருடையது. உரிமை மட்டும் பிறருடையதாயிற்று. எனவே அத்தூணைத் தம் கோயிலில் நாட்டுதல் பிறர் பொருளை இரவல் வாங்குதலன்று. தம் முன்னோர் உழைப்பைத் தாம் மீட்டலாகும். இந்நாட்டின் கலையும் மொழியும் சிலருடைய தனிச்சொத்தென்று நாமே ஒப்புக்கொண்டு விலகிவிட்டால், விலக்கியவருடைய வாதம் வென்றதாகிவிடும்.

மற்றொரு கேள்வி அரசியலைப் பற்றியது. 1930-களில் கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாமென்று அசரியா வாதிட்டார். சபை ஒரு தனிச்சாதியாய்ச் சுருங்கிவிடும் என்பது அவருடைய அச்சம். மற்றொரு புறம், தெலுங்கு நாட்டுச் சேரி மக்களின் கூட்டமான மதமாற்றத்தைக் காந்தியடிகள் தம் ஹரிஜன் இதழிற் கண்டித்தபோது, எளிய மக்களுக்கும் தம் வழியைத் தாமே தேரும் அறிவும் உரிமையும் உண்டென்று அசரியா வாதாடினார். பின்னதில் நாம் அவரோடு முற்றிலும் உடன்படுகிறோம். முன்னதில் உடன்படுதல் எளிதன்று. சட்டப் பாதுகாப்பின்றிச் சமத்துவம் வந்துவிடும் என்று நம்புவோர்க்குப் பின்வந்த வரலாறு ஆறுதல் தரவில்லை. 1950-ஆம் ஆண்டு அட்டவணைச் சாதியினர் ஆணை, இந்து அல்லாதாரை அப்பட்டியலினின்றும் விலக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். அத்திருத்தங்களிற் கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. கோயிலிற் சுவர் இல்லாதிருந்தும் ஊரிற் சேரி சேரியாகவே இருந்தது என்பதைச் சட்டம் எண்ணவில்லை.

1935 அக்டோபரில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அண்ணல் அம்பேத்கர் இயோலாவில் அறிவித்ததன் பின் நிகழ்ந்ததாகக் கூறப்படும் உரையாடலும் இங்கே குறிப்பிடத்தக்கது. நாங்கள் கிறிஸ்தவரானால் ஊருக்கு ஊர் வெவ்வேறு சபைகளாய்ப் பிரிந்து போவோமே, இப்போதுள்ள ஒற்றுமையும் கெடாதா என்னும் கருத்தில் அண்ணல் அசரியாவைக் கேட்டாராம். அதற்குத் தக்க விடை கூற இயலாமல் அசரியா மனம் வருந்தினார் என்பர். சபைகளின் ஒற்றுமை அவருடைய நெடுநாளைய வேட்கை. 1919-இல் தரங்கம்பாடியிற் கூடி ஒற்றுமை அறிக்கை வெளியிட்டோருள் அவரே தலையாயவர். அதன் கனியாகிய தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இற் சென்னையில் மலர்ந்தது. அதனைக் காண அவர் இருக்கவில்லை. 1945 ஜனவரி 1-இல் தோர்ணக்கல்லிற் காலமானார்.

நாம் கொள்ள வேண்டியவை

அசரியாவின் வாழ்விலிருந்து நம் சங்கத்தார் கொள்ளத்தக்கவை மூன்று எனக் கருதுகிறோம்.

முதலாவது, கட்டடத்துக்கு முன் மக்கள். 26 ஆண்டுகள் கூரைச் சாலைகளில் எழுத்தறிவித்த பின்னரே அவர் பெருங்கோயிலைத் திறந்தார். நம் சங்கமும் கட்டட நிதியைப் பற்றிப் பேசுமுன் பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளின் கணக்கை எடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, நம் கட்டடத்தின் உள்ளே சுவர் வேண்டாம். நாமும் உட்பிரிவுகள் உடையவர். பந்தியிலும் பெண் கொடுப்பதிலும் அவ்வேற்றுமை இன்றும் தலைநீட்டுகிறது. வெளியார் நமக்குச் செய்ததை நாம் நமக்குள் செய்துகொண்டு பிறரைக் குறை கூறுதல் பொருந்தாது. நம் விடுதியில் எந்தப் பிள்ளையும் எந்தப் பிரிவினன் என்று கேட்கப்படாதிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, தாழ்வு மனப்பான்மை வேண்டாம். இந்நாட்டுக் கல்லும் கலையும் கல்வியும் மொழியும் நம்முடையனவும் ஆகும். அவற்றை இரவலராய் அணுகாது உரியவராய் அணுகுவோமாக.

தோர்ணக்கல் தேவாலயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே செல்லும் நம் இளைஞர் எவரேனும் அவற்றின் வேலைப்பாட்டைக் கண்டு வியப்பாராயின், வியப்போடு நின்றுவிடாமல், எத்தனை பிடி அரிசி அவற்றைத் தாங்கி நிற்கிறது என்பதையும் எண்ணுவாராக. நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுகளும் அவ்வாறே பிடிபிடியாய்ச் சேர்ந்தவை. வருங்கால இருபத்தைந்து ஆண்டுகள் மேலும் பல கதவுகளைத் திறப்பனவாகுக! கல்வி ஓங்குக! ஒற்றுமை நிலைபெறுக!